படி கூடின ஊர்

ஸ்பெயினில் மாலகாவை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அங்கே படிகள் அதிகம் என்பதுதான். கடல் நல்ல நீலம், கோட்டை ஆயிரம் வருடப் பழசு, தெருவோரத்திலேயே ஆரஞ்சுத் தோடை மரம் காய்த்துத் தொங்கும் என்றெல்லாம் தம்பிக்கு அள்ளி விட்டேன். அவ்வளவும் உண்மை. ஆனால் அதற்காக நான் அந்த ஊரைத் தேடவில்லை. ஒரு பெண்ணை நாள் முழுக்க நடக்க வைத்து, ஏற்றி, இறக்கி, அவளுடைய கால் நல்ல காலா என்று பார்க்க எனக்கு ஓர் ஊர் வேண்டியிருந்தது.

அப்போது நான் லண்டன் இல்ஃபோர்டில் ஒரு தமிழ் டிராவல்ஸில் வேலை செய்தேன். கொழும்புக்கும் சென்னைக்கும் டிக்கெட் போட்டுப் போட்டே விரல் தேய்ந்தவள். ஸ்பெயினுக்கு டிக்கெட் கேட்டு ஒரு தமிழரும் என் மேசைக்கு வந்ததில்லை. கடையில் ஆள் இல்லாத ஒரு பின்னேரம் சுற்றுலாப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கடற்கரை ஊர்களை ஒவ்வொன்றாகக் கழித்தேன். ஒன்று முழுக்கத் தட்டை, சரிவராது. இன்னொன்றில் கோட்டைக்கு லிஃப்ட் வைத்திருந்தார்கள், அதுவும் சரிவராது. மாலகாவில் ஒரு கோட்டைக்கு மேலே இன்னொரு கோட்டை, இடையிலே கல் பதித்த ஏற்றம், கீழே இறங்கினால் கடல். காலையில் போய் அந்தியில் திரும்பவும் விமானம் இருந்தது. அம்மாவுக்குப் போன் எடுத்து, "ஊர் பிடிச்சிட்டன்" என்றேன்.

தம்பிக்கு அப்போது முப்பத்தாறு வயது. பதினொரு வருடம் ஜெர்மனியில் கிடந்துவிட்டு லண்டனுக்கு வந்து, எட்மண்டனில் அறை எடுத்து, வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கும் வேலை செய்துகொண்டிருந்தான். அதற்குள் ஒன்பது கலியாணப் பேச்சு குழம்பிப்போயிருந்தது. சிலதை நாங்கள் வேண்டாம் என்றோம், சிலதில் அவர்கள் எங்களை வேண்டாம் என்றார்கள். ஒன்பது தடவையும் அவன் சொன்னது ஒன்றேதான்: "நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ." பத்தாவதாக வந்தவள்தான் இவள். வால்தம்ஸ்டோவில் தமையனோடும் அண்ணியோடும் இருந்தாள். இருபத்தொன்பது வயது. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. ஒரு ரெஸ்டோரண்டில் இரண்டு வீட்டுக்காரரும் சந்தித்தோம். அவள் ஏதோ சொல்ல, தம்பி வாயிலிருந்த தண்ணீர் மேசையில் தெறிக்கச் சிரித்தான். திரும்பி வரும்போது காருக்குள் ஒருவரும் கேட்காமலே, "எனக்கு ஓம்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வர நான் ஐந்து வருடம் காத்திருந்தேன்.

சந்தேகத்தைக் கிளப்பியது அம்மா. அம்மா குட்மேய்ஸில் எங்களோடுதான் இருந்தாள். இரண்டு முழங்காலும் தேய்ந்து, கதிரையிலிருந்து எழும்பவே 'முருகா' போடுகிறவள். ஆனால் கதிரையில் இருந்தபடியே லண்டன் முழுவதையும் விசாரித்து முடித்துவிடுவாள்.

"எடியே, ஒரு விஷயம் யோசிச்சனியோ? ரெஸ்டோரண்டிலே பாத்தம், சப்பாத்து. கலியாண மண்டபத்திலே பாத்தம், சீலை நிலம் கூட்டுது, உள்ளுக்குச் சப்பாத்து. கோயிலுக்கு வாருங்கோ எண்டன், ரெண்டு தரமும் ஏதோ ஷிப்டாம். போன கிழமை சாதகக் கொப்பியை இஞ்சை கொண்டந்து தரேக்க, வாசலிலே நிண்டு தந்திட்டு 'நேரமில்லை' எண்டு போனவள். ஏன் உள்ளுக்கு வரேல்லை?"

எனக்குப் பொறி தட்டியது. எங்கள் வீட்டுக்குள் வருவதென்றால் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். கோயிலுக்குள்ளும் கழற்ற வேண்டும். கழற்ற வேண்டிய இடம் எதற்கும் அவள் வரவில்லை.

"அவையின்ரை ஊர்க்காரி ஒருத்தியோட கதைச்சனான்" என்றாள் அம்மா. "அந்தப் பிள்ளைக்குச் சின்னனிலே ஷெல் பட்டது எண்டு அரையும் குறையுமாச் சொல்லிப்போட்டு, பேந்து கதையை மாத்திப்போட்டாள்."

"அப்ப நேரை கேப்பமே?"

"கேட்டால்? எங்களை நாகரிகம் தெரியாத சனம் எண்டு எண்ணுவினம். பிறகு இல்லை எண்டால் ஆரின்ரை முகத்திலே முழிக்கிறது? கேக்கக் கூடாது, பாக்க வேணும்."

எங்கள் ஆட்கள் இப்படித்தான். கேட்கமாட்டோம். மறைக்கிறவன் மறைப்பான், துழாவுகிறவன் துழாவுவான், இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பல்லைக் காட்டிக்கொண்டு இருப்போம். இதற்குப் பெயர் மரியாதை. கோதாரி பிடித்த மரியாதை! ஆனால் அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை. அம்மா சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

நான்கு டிக்கெட் போட்டேன்: தம்பி, அவள், துணைக்கு அவளுடைய அண்ணி, நான். கலியாணத்துக்கு முன்னம் இரண்டு பேரும் கொஞ்சம் கதைத்துப் பழகட்டும் என்று அவர்களுக்குச் சொன்னோம். அந்தத் தமையன் அதை நம்பிச் சந்தோஷப்பட்டார். "நீங்கள் நல்ல முன்னேறின ஆக்கள்" என்றார். தம்பிக்கு ஒன்றும் தெரியாது. அவன் இந்தப் பயணத்துக்கென்று புதுச் சட்டை வாங்கினான்.

மே மாதத்துச் சனிக்கிழமை. விடியும்போது விமான நிலையத்தில் நின்றோம். அவள் ஜீன்ஸும் கணுக்கால் மூடும் கறுப்புச் சப்பாத்தும் போட்டிருந்தாள். பாதுகாப்புச் சோதனை வரிசையில், எல்லோரும் சப்பாத்தைக் கழற்றித் தட்டில் வையுங்கள் என்று ஒருத்தி கத்தினாள். அட, எனக்கு இது நினைவே வரவில்லையே! மாலகாவுக்குப் போகாமலே விஷயம் முடியப்போகிறது. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னாலே ஒட்டி நின்றேன். அப்போது பார்த்து ஒரு சீருடைக்காரன் என் பையைத் தூக்கிப் பிடித்து, இது யாருடையது என்று கேட்டான். உள்ளே மட்டன் ரோல்ஸ், புட்டு, ஒரு போத்தில் மிளகாய் இடித்த கட்டைச் சம்பல். எங்கே போனாலும் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகிற புத்தி எங்களை விடாது. திரவம், பசை ஒன்றும் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் வந்து ஒரு வருடம் ஆகவில்லை. டிக்கெட் எடுக்கிற சனத்துக்கெல்லாம் அதைப் படித்துப் படித்துச் சொன்னவள் நான். சம்பல் திரவமா பசையா என்று அவன் மூடியைத் திறந்து முகர்ந்து, தும்மி, இன்னொருவனைக் கூப்பிட்டு, அவனும் முகர்ந்து முடிக்கையில், அவள் அந்தப் பக்கம் வாங்குப் பலகையில் இருந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணி அவளுக்கு முன்னால் திரைபோல் நின்றாள். சம்பல் குப்பைக்குள் போனது.

மாலகாவில் இறங்கி ரயில் பிடித்து நகரத்துக்கு வந்தபோது பதினொரு மணி தாண்டிவிட்டது. வெயில் இதமாக இருந்தது. தம்பி கையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு வழிகாட்டி வேலை பார்த்தான். பளிங்கு பதித்த கடைத்தெருவில் குனிந்து நிலத்தைத் தடவி, "இஞ்சை பாருங்கோ, பொருத்து ஒரு நூல் பிசகேல்லை" என்று அவளுக்குக் காட்டினான். அவள் தானும் குனிந்து தடவிப் பார்த்தாள். எந்தப் பெண் டைல்ஸ் பொருத்தைத் தடவிப் பார்ப்பாள்? அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பெரிய தேவாலயத்தின் முன்னால் நின்றோம். ஒரு பக்கம் கோபுரம் வானத்தை முட்டுகிறது, மற்றப் பக்கத்துக் கோபுரம் பாதியில் நிற்கிறது. தம்பி புத்தகத்தைப் பார்த்து, "கட்டி முடிக்கேல்லையாம். ஊர்ச்சனம் இதைக் கை இல்லாத பொம்பிளை எண்டுதான் கூப்பிடுமாம்" என்று சொல்லிச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய அண்ணி சட்டென்று, "தண்ணிப் போத்தில் வாங்குவமே?" என்றாள். நான் அதைக் குறித்துக்கொண்டேன். சீ, என்ன கண் என்னுடைய கண்!

முதல் கோட்டை. சரளைக் கல்லைச் செங்குத்தாக நட்டுப் பதித்த வழி, வளைந்து வளைந்து மேலே போகிறது. நான் பின்னால் நடந்தேன். அவளுடைய குதிக்கால்களையே பார்த்துக்கொண்டு போனதால் அந்தக் கோட்டையில் தண்ணீர்த் தொட்டிகள் இருந்தன, வளைவுகள் இருந்தன என்பதைப் பிறகு தம்பி எடுத்த படங்களில்தான் பார்த்தேன். அவள் மெல்ல நடந்தாள். ஆனால் நேராக நடந்தாள். கைபிடியைத் தொடவில்லை. இடது கால், வலது கால், இடது கால், வலது கால். ஒன்றும் தெரியவில்லை. என் போன் அடித்தது.

"எப்பிடி நடக்கிறாள்?" அம்மா.

"ஒழுங்காத்தான்."

"வடிவாப் பாரடி. படி இறங்கேக்க எந்தக் காலை முன்னுக்கு வைக்கிறாள்?"

"ரெண்டையும் மாறி மாறித்தான் வைக்கிறாள் அம்மா. ஆக்கள் அப்பிடித்தான் நடக்கிறது."

"வாய் காட்டாதை. மேலை ஏத்து."

மேல் கோட்டைக்கு பஸ் இருந்தது. அவளுடைய அண்ணி அந்த பஸ்ஸைக் காட்டி, "எனக்கு இளைக்குது, இதிலை போவமே?" என்றாள். நான் விடவில்லை. "பஸ்ஸிலே போகவே ஸ்பெயினுக்கு வந்தனாங்கள்? நடந்தால்தானே ஊர் தெரியும்" என்றேன். அவள் அண்ணியின் கையைத் தொட்டு, "பரவாயில்லை அண்ணி, நடப்பம்" என்றாள். அந்த ஏற்றம் இலேசில் முடியவில்லை. தம்பி மூச்சு வாங்கினான். எனக்குப் புதுச் சப்பாத்து கடித்து வலது குதியில் கொப்புளம் போட்டுவிட்டது. அவள் மட்டும் ஒரே வேகத்தில் ஏறினாள். நெற்றியில் வியர்வை, உதடு இறுகியிருந்தது. வெயில் என்று நினைத்தேன். இல்லை, பொய் சொல்லக் கூடாது. வெயில் என்று நினைக்க விரும்பினேன்.

மேலே மதிலோரம் இருந்து மட்டன் ரோல்ஸைச் சம்பல் இல்லாமல் தின்றோம். கீழே காளைச் சண்டை மைதானம் ஒரு தட்டுப்போலக் கிடந்தது, அதற்கப்பால் கடல். தம்பியும் அவளும் கொஞ்சம் தள்ளி இருந்து கதைத்தார்கள். அவன் ஜெர்மனியில் முதல் வருடம் பனியில் சறுக்கி ஒரு பொலிஸ்காரனையும் இழுத்துக்கொண்டு விழுந்த கதையைச் சொன்னான். எங்களுக்கு ஒருபோதும் சொல்லாத கதை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதைப் பார்க்க எனக்கு, போதும், இனி அம்மா போன் எடுத்தால் எடுக்கக் கூடாது என்று இருந்தது.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லத்தான் வேண்டும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கண் மோசம். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது ஆளா மரமா என்று தெரியாது. யாழ்ப்பாணத்தில் என்னைப் பெண் பார்க்க வந்தபோது அம்மா அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டாள். வரப்போகும் மாமியார் ஒருத்தியையும் விடாமல் ஊசி கோக்கச் சொல்லிப் பார்ப்பவர் என்று முன்கூட்டியே தகவல் வந்திருந்தது. மூன்று நாள் கண்ணை மூடிக்கொண்டு பழகினேன். நூல் நுனியைப் பல்லால் கடித்துத் தட்டையாக்கி, ஊசிக் காதை நகத்தால் தடவிப் பிடித்து, ஒரே குத்தில். வந்தவர், "பிள்ளை, எனக்குக் கண் மங்கல், இதை ஒருக்காக் கோத்துத் தாரும்" என்று நீட்டினார். கோத்துக் கொடுத்தேன். கலியாணம் முடிந்து நாலாம் நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். மாமியார் தலையில் அடித்துக்கொண்டு, "குருட்டுப் பெட்டையைத் தலையிலே கட்டிப்போட்டாளே" என்று ஒப்பாரி வைத்தார். என் மனுஷன் என்னைப் பார்த்தார். என்னை மட்டும்தான் பார்த்தார். "இனியாவது என்ரை மூஞ்சை உமக்குத் தெரியும், பாவம் நீர்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேதான் நான் பிழைத்தேன்.

அப்படிப் பிழைத்தவள் இன்னொருத்தியின் குதிக்காலைப் பார்த்துக்கொண்டு இரண்டு கோட்டை ஏறினேன். எனக்கு வெட்கம் இருந்ததா? இருந்தது. அது என் காலை நிறுத்தியதா? இல்லை.

போன் அடித்தது. எடுக்கக் கூடாது என்று நினைத்தவள் எடுத்தேன்.

"கடல் இருக்கெல்லே உங்கை?" என்றாள் அம்மா.

"இருக்கு."

"சப்பாத்தைக் கழட்ட வை."

"அம்மா, ரெண்டு மலை ஏறிப்போட்டாள். இன்னும் என்ன வேணும்? தம்பி சந்தோஷமா இருக்கிறான். விடுங்கோவன்."

"நாளைக்கு அவன் குறை சொன்னா உன்னைத்தான் சொல்லுவான். கூடப் போனவள் நீ. பாக்கேல்லையோ எண்டு உன்னைத்தான் கேப்பான்."

அம்மாவுக்கு என்னை எங்கே அமுக்க வேண்டும் என்று தெரியும். கீழே இறங்கினோம்.

மாலகாவின் கடற்கரை மணல் சாம்பல் நிறம். ஒரு பழைய வள்ளத்துக்குள் மணலை நிரப்பி, அதிலே நெருப்பு மூட்டி, கம்பியில் கோத்த மீனைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். வாசம் மூக்கைத் துளைத்தது. தம்பி சப்பாத்தை உதறிவிட்டுக் காற்சட்டையை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் ஓடிவிட்டான். "ஐயோ, குளிர்! வாங்கோ, வந்து பாருங்கோ!" என்று அங்கிருந்து அவளைக் கூப்பிட்டான்.

"அவளுக்குச் சளித் தடிமன், தண்ணி ஒத்துக்கொள்ளாது" என்றாள் அவளுடைய அண்ணி. சொல்லிவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது. விட்டுவிடு என்று கெஞ்சினாள். நான் ஒரு பெண், எனக்கு அது விளங்கியது. நன்றாகவே விளங்கியது.

"கடலுக்கு வந்து சப்பாத்தோடயோ நிக்கிறது?" என்றேன், சிரித்துக்கொண்டு. "கழட்டும் பிள்ளை. நானும் கழட்டுறன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மணலில் இருந்தாள். அவசரப்படாமல் நாடாவை அவிழ்த்தாள். வலது சப்பாத்து. பிறகு இடது சப்பாத்து. கழற்றிக் கவிழ்த்தபோது உள்ளேயிருந்து மூன்று விரல் தடிப்பில் ஒரு ரப்பர் கட்டை நழுவி மணலில் விழுந்தது. வெள்ளைச் சொக்ஸின் குதியில் ரத்தம் ஊறிக் காய்ந்து, மறுபடி ஊறியிருந்தது. சொக்ஸை உரித்தாள். இரண்டு விரல் இல்லை. கணுக்காலைச் சுற்றித் தோல் சுருங்கி, உருகிய பிளாஸ்டிக் மாதிரி இருந்தது.

அண்ணிக்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள்.

அவள் எழும்பி நின்றாள். நின்றதும் இடுப்பு ஒரு பக்கம் இறங்கியது. "வடிவாப் பாருங்கோ அக்கா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "பத்து வயசிலே, பள்ளிக்கூடத்தாலே வரேக்க பட்டது. நீங்கள் கேட்டிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பன். அவையள் கேட்டால் சொல்லுவம், கேக்காட்டி விடுவம் எண்டு அண்ணி சொன்னவ. நீங்கள் கேப்பியள் கேப்பியள் எண்டு ரெண்டு மலை ஏறினனான்."

 

அவள் கடலை நோக்கி நடந்தாள். மறைக்காமல், பிடிக்காமல், ஒவ்வொரு அடிக்கும் ஒரு பக்கம் விழுந்து விழுந்து நடந்தாள். உப்புத் தண்ணீர் அந்தக் குதியில் பட்டபோது தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது. அவ்வளவுதான். முழங்காலளவு தண்ணீரில் தம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். தம்பி, கூப்பிட நீட்டிய கையை எப்போது கீழே விட்டான் என்று தெரியவில்லை. அங்கே நின்றபடி அவன் என்னைப் பார்த்தான். என்மேல் கோபப்படுகிறான் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

திரும்பும் வழியில் ரயிலில் தம்பி என் பக்கத்தில் வந்து இருந்தான். அவள் அடுத்த வாங்கில், ஜன்னலோரம். ஈரக் காலுக்குள் அந்தக் கட்டையை வைத்துச் சப்பாத்தைத் திரும்பப் போட்டிருந்தாள். விமான நிலையத்தில் நீண்ட நடை. தம்பி முன்னால் நடந்தான். காலையில் அவளுடைய பையை வாங்கித் தூக்கி வந்தவன், இப்போது கையை வீசிக்கொண்டு நடந்தான். அவள் ஒரு தரம்கூட நொண்டவில்லை. இனி யாருக்காக மறைக்கிறாள் என்று யோசித்தேன். பழக்கமாக இருக்கும். விமானத்துக்குள் தம்பி என் காதில், "அக்கா, இப்ப என்ன செய்யிறது?" என்றான். "வீட்டை போய்க் கதைப்பம்" என்றேன். பிறகு அவன் கண்ணை மூடிக்கொண்டான். லண்டன் வரும்வரை அவளோடு ஒரு சொல் பேசவில்லை.

மறுநாள் ஞாயிறு காலை, தேத்தண்ணிக் கோப்பையோடு அம்மா கதிரையில் இருந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் கேட்டாள். ரப்பர் கட்டை எவ்வளவு தடிப்பு, விரல் எந்த விரல், எல்லாம் கேட்டாள். பிறகு, "எப்பிடி நொண்டினவள்? ஒருக்கா நடந்து காட்டு பாப்பம்" என்றாள்.

எனக்கு அப்போது நாற்பது வயது. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஏலாது என்று சொல்லியிருக்கலாம். கோப்பையைப் பிடுங்கிச் சுவரில் அடித்திருக்கலாம். நான் நடந்து காட்டினேன். குசினி வாசலிலிருந்து சோபா வரைக்கும், இடுப்பை ஒரு பக்கம் விழுத்தி விழுத்தி நடந்தேன். குதிக்கொப்புளம் உடைந்திருந்ததால் நடிப்பு நன்றாகவே வந்தது. இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

அம்மா தலையைச் சரித்துப் பார்த்தாள்.

"இவ்வளவுதானோ?"

"என்ன இவ்வளவுதானோ?"

"நான் பயந்தே போனன், பொய்க்கால் கிய்க்காலோ எண்டு. இது சீலைக்குள்ளை தெரியாதடி. வேலைக்கும் போறாள், மலையும் ஏறுறாள். இப்ப எங்களுக்குத் தெரியும் எண்டு அவையளுக்கும் தெரியும். இனி அந்த வீட்டிலே ஒருத்தரும் எங்களுக்கு முன்னாலை தலை நிமிர்த்தப் போறேல்லை. இதைவிட நல்ல மருமகள் ஆருக்குக் கிடைக்கும்? போனை எடு. ஓம் எண்டு சொல்லு."

அவமானத்தில் என் காது சுட்டது. ஆனாலும் உள்ளே ஒரு மூலையில் சந்தோஷமும் வந்ததை நான் மறைக்கமாட்டேன். தம்பிக்கு அவள் கிடைத்துவிடுவாள், நான் செய்தது எல்லாம் கழுவுப்பட்டுப் போகும், கலியாண வீட்டில் இதைச் சொல்லிச் சிரிப்போம் என்றுகூட நினைத்தேன். மத்தியானம் தம்பி சாப்பிட வந்தான். அம்மா விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது. "அப்ப சரி" என்றான். முன்னறையில் அவன் இருக்கவே நான் போனை எடுத்தேன். அண்ணிக்காரி எடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளே எடுத்தாள்.

நான் நன்றாகத் தயார்படுத்திக்கொண்டுதான் பேசினேன். நடந்ததுக்கு மன்னியும் பிள்ளை, எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, அம்மாவுக்கும் முழுச் சம்மதம், தம்பிக்கும் ஓம்தான் என்று அடுக்கினேன். அவள் இடையில் குறுக்கிடவில்லை. நான் முடித்ததும் கேட்டாள்.

"அக்கா, ஒண்டு கேக்கட்டே? நேற்று நான் கடலுக்குள்ளை வரேக்க அவர் ஆரைப் பாத்தவர்?"

"உம்மைத்தான், பிள்ளை. வேறை ஆரை?"

"இல்லை அக்கா. நான் அவரின்ரை முகத்தைத்தானே பாத்துக்கொண்டு வந்தனான். அவர் உங்களைப் பாத்தவர். என்னை என்ன செய்யிறது எண்டு உங்களைப் பாத்தவர். இண்டைக்கும் நீங்கள்தானே எடுத்திருக்கிறியள். பக்கத்திலே இருக்கிறாரெல்லே?"

நான் சோபாவிலிருந்த தம்பியைத் திரும்பிப் பார்த்தேன்.

"வைக்கிறன் அக்கா. உங்கடை குதிக்கொப்புளத்துக்கு மருந்து போடுங்கோ, இறங்கேக்க நொண்டினனீங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் போனைக் கையில் பிடித்தபடி நின்றேன். குசினியிலிருந்து அம்மா, "என்னவாம்? என்னவாம்?" என்று கத்தினாள். தம்பி சோபாவின் நுனியில் இருந்தான். வால்தம்ஸ்டோ கூப்பிடு தூரம். காரில் இருபது நிமிஷம். சாவி அவனுக்கு முன்னாலேயே, மேசையில் கிடந்தது.

"அவ வேண்டாம் எண்டுறா" என்றேன்.

அவன் சாவியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.